ஆயாவுக்கு ஒரு ஸ்பீக்கர்



இந்த மாதச் சுவர் இதழுக்கு என்ன எழுதலாம் என்று யோசித்தபோது, ஸ்பீக்கர் வாங்கப் போய் நான் அசடு வழிந்த கதைதான் ஞாபகம் வந்தது. படிச்சிட்டுக் கிண்டல் பண்ணாதீங்க!

எங்கள் ஆயாவுக்குக் கண் மங்கிவிட்டது. டி.வி. பார்க்க முடியாது. மாமா எப்போதோ கொடுத்த, தீப்பெட்டி அளவு எம்.பி.3 பிளேயர்தான் அவங்களுக்குத் துணை. அதில் பழைய சினிமாப் பாட்டும் தெருக்கூத்தும் இருக்கின்றன. ஆயாவுக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். 'கர்ண மோட்சம்' கூத்து ஓடினால் சோறு தண்ணி கூட வேண்டாம். எந்தப் பொத்தான் எங்கே இருக்கு என்று அவங்க விரலுக்கே தெரியும்.

ஒருநாள் மத்தியானம் ஆயா இயர்போன் மாட்டிக்கொண்டு கூத்து கேட்டுக்கொண்டிருந்தாங்க. அம்மா அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு, "மூணு விசில் வந்தா நிறுத்திடுங்க அத்தை" என்று சொல்லிவிட்டுத் தண்ணி பிடிக்கப் போனாங்க. லாரி லேட். திரும்பி வந்து பார்த்தால் வீடெல்லாம் புகை, குக்கர் கரி. நல்லவேளை, வேறொன்றும் ஆகவில்லை. அன்றே அம்மா இயர்போனை எடுத்து பீரோவுக்குள் வைத்துவிட்டார். ஆயா ஒன்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாங்க. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் உண்டியலில் 430 ரூபாய் இருந்தது. அம்மா 170 போட்டு 600 ஆக்கினாங்க. "இதுக்கு மேல ஒரு பைசா கேக்கக் கூடாது" என்று கண்டிஷன்.

அவசரப்பட்டு மறுநாளே பக்கத்துக் கடையில் 120 ரூபாய்க்கு ஒரு குட்டி ஸ்பீக்கர் வாங்கினேன். பேட்டரியும் இல்லை, கரண்டும் வேண்டாம், "சொருகினா பாடும் தம்பி" என்றார்கள். பாடியது! கொசு பாடுகிற மாதிரி. திருப்பிக் கொடுக்கப் போனால், விற்ற பொருளை வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அறிவியல் ஐயாவிடம் கேட்டேன். "இயர்போன் ஓட்டையில வர்ற சக்தி ஒரு வாட்டுல ஆயிரத்துல சில பங்குதான்டா. காதுக்குள்ள இருக்கிற இயர்போனுக்கு அது போதும், அறை முழுக்கக் கேக்க எப்படிப் போதும்? ஆம்ப்ளிஃபயர் உள்ளே இருக்கிற ஸ்பீக்கரா பார்த்து வாங்கு" என்றார். 120 ரூபாய்க்கு நான் கற்ற பாடம் இது.

சனிக்கிழமை சித்தப்பாவோடு ரிச்சி தெருவுக்குப் போனேன். பிளேயரை ஞாபகமாகப் பையில் எடுத்துக்கொண்டேன். கையில் 480 ரூபாய்.

முதலில் கண்ணில் பட்டது கலர் கலராக லைட் எரிகிற ப்ளூடூத் ஸ்பீக்கர். 450 ரூபாய். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் ஆயா ஞாபகமே இல்லை. நண்பர்கள் முன்னால் அதை வைத்துப் பாட்டுப் போடுகிற மாதிரி கனவே கண்டுவிட்டேன். சித்தப்பா, "ஆயா பிளேயர்ல ப்ளூடூத் இருக்கா?" என்றார். இல்லை. ஒயர் சொருகவும் அந்த ஸ்பீக்கரில் ஓட்டை இல்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

அடுத்தது யு.எஸ்.பி. ஒயரில் ஓடும் ஜோடி ஸ்பீக்கர். பெட்டியில் பெரிதாக 'பி.எம்.பி.ஓ. 200 வாட்' என்று போட்டிருந்தது. பாடத்தில் படித்த கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 5 வோல்ட், 1 ஆம்பியர் சார்ஜர் கொடுப்பது மொத்தமே 5 வாட். அதில் 200 வாட் எங்கிருந்து வரும்? பி.எம்.பி.ஓ. என்பது கடைக்காரர்களின் கணக்கு. ஆர்.எம்.எஸ். வாட்தான் தொடர்ந்து தரக்கூடிய சக்தி.

கடையில் அவர்கள் பாட்டைப் போட்டார்கள். 'தும் தும்' என்று நெஞ்சு அதிர்ந்தது. நான் ஆயாவின் கூத்தைப் போடச் சொன்னேன். மத்தளம்தான் கேட்டது, பொன்னுருவி பேசுவது புரியவே இல்லை. வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

நாலாவது கடையில் கறுப்பாக, லைட் எதுவும் இல்லாமல் ஒன்று இருந்தது. ஆர்.எம்.எஸ். 3 வாட், உள்ளேயே பேட்டரி, இயர்போன் ஒயர் சொருக ஓட்டை. பார்க்க அழகே இல்லை. ஆனால் கூத்து வசனம் ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. பேரம் பேசி 410 ரூபாய். ஒயர் 40. மீதி 30.

வீட்டுக்கு வந்து பெருமையாக அலமாரி மேலே வைத்துப் போட்டேன். ஆயா கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "சத்தம் வருதுடா. யாரு பேசறாங்கன்னுதான் தெரியல" என்றாங்க. எனக்கு அழுகையே வந்துவிட்டது. 600 ரூபாயும் போச்சா?

திங்கட்கிழமை மறுபடி ஐயாவிடம் ஓடினேன். வயதானால் முதலில் குறைவது கீச்சுக் குரல், 'ச', 'ஸ' போன்ற மெல்லிய ஓசைகளைக் கேட்கும் திறன்தான் என்று சொன்னார். "சத்தத்தைக் கூட்டாதே, கிட்ட வை. திறந்த வெளியில தூரத்தைப் பாதி ஆக்கினா 6 டெசிபல் கூடும். அதையே வாட்டைக் கூட்டி வாங்கணும்னா நாலு மடங்கு வேணும். வீட்டுக்குள்ள அவ்வளவு வராட்டியும் வித்தியாசம் தெரியும்" என்றார்.

அலமாரியிலிருந்து எடுத்து, ஆயா கட்டில் தலைமாட்டில் ஒரு ஸ்டூல் போட்டு, அவங்க முகத்தைப் பார்த்த மாதிரி வைத்தேன். ஆயா முகம் மாறியது. "அட, பொன்னுருவிடா!" என்றாங்க. காசு செலவில்லை, இடம்தான் மாறியது.

ஸ்பீக்கர் வாங்கப் போகும் நண்பர்களுக்குச் சில வரிகள்:

1. உங்கள் பிளேயரைக் கையோடு கொண்டு போங்கள். ஒயரா, ப்ளூடூத்தா என்று முதலில் பாருங்கள்.
2. ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள்.
3. கடைக்காரர் பாட்டில் மயங்காதீர்கள். நீங்கள் கேட்கப் போவதைப் போட்டுக் கேளுங்கள்.
4. யாருக்காக வாங்குகிறோம் என்பதை மறக்காதீர்கள். (நான் மறந்தேன்!)

நேற்று சாயங்காலம் கூத்து ஓடிக்கொண்டிருந்தது. நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று ஆயா குரல்:

"டேய், மூணு விசில் வந்துடுச்சு. அடுப்பை நிறுத்து!"

எனக்குத்தான் கேட்கவில்லை.



— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்