சட்டைப்பையில் கொஞ்சம் கரண்ட்

லடாக்கின் ஹான்லேக்கு நட்சத்திரம் பார்க்கப் போகிறவர்கள் கம்பளியை மறப்பதில்லை. எந்த பவர் பேங்க் என்பதையும் கொஞ்சம் யோசித்தால் நல்லது

லே நகரை விட்டுத் தென்கிழக்கே, சிந்து நதியை ஒட்டியே சுமார் 260 கி.மீ. போக வேண்டும். உப்ஷி, வெந்நீர் ஊற்றுள்ள சுமதாங், நியோமா என்று வழியில் வரும் ஊர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். லோமாவில் அனுமதிச் சீட்டைச் சரிபார்க்கிறார்கள். சீன எல்லை பக்கத்தில் இருக்கிறது. அதற்கப்பால் சமவெளி விரிந்து, ஒரு குன்றின் மேல் பதினேழாம் நூற்றாண்டு பௌத்த மடம் தெரிந்தால் ஹான்லே வந்துவிட்டது என்று அர்த்தம்.

மடத்துக்குச் சற்றுத் தள்ளி, 4,500 மீட்டர் உயர மலை மீது இந்திய வானியற்பியல் நிலையத்தின் ஆய்வுக்கூடம். அங்குள்ள 2 மீட்டர் தொலைநோக்கிக்கு, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து நோபல் பரிசு பெற்ற சந்திரசேகரின் பெயர். அதை இயக்குகிறவர்களோ பெங்களூரை அடுத்த ஹொசகோட்டேயில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் தொடர்பு வழியாக இயக்குகிறார்கள். 2022 டிசம்பரில் இந்தப் பகுதி இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. உள்ளூர்க்காரர்கள் இருபதுக்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சியும் தொலைநோக்கியும் கொடுத்து வானத்தைக் காட்டுகிறவர்களாக ஆக்கியிருக்கிறார்கள். இருட்டை விற்றுப் பிழைக்கும் ஊர் என்று இதைச் சொன்னால் தவறில்லை.

வருகிறவர்கள் எல்லோர் கையிலும் செல்போன். பால்வீதியைப் படம் எடுக்க வேண்டும். இரவு நேரப் படத்துக்கு லென்ஸ் பல விநாடிகள் திறந்தே இருக்க வேண்டும். சிக்னல் பலவீனமாக உள்ள இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித்தேடியே பேட்டரியைத் தீர்க்கும். போதாக்குறைக்குக் குளிர். கோடையிலும் இரவில் வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கும். குளிர்காலத்தில் மைனஸ் 20க்குக் கீழே போவதுண்டு. லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் திரவத்தில் அயனிகளின் ஓட்டம் குளிரில் மந்தமாகிவிடும். 40 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் திடீரென்று அணைந்து போவது இதனால்தான். உடம்புச் சூட்டில் சிறிது நேரம் வைத்திருந்தால் மீண்டும் உயிர் பெறும்.

2019 பிப்ரவரியில் ஸ்ரீநகர்-லே மின்தடம் திறக்கப்பட்டு லே நகரம் தேசிய மின் தொகுப்புடன் இணைந்தது. ஆனால் சாங்தாங் பீடபூமியின் தொலைதூர கிராமங்கள் நெடுங்காலம் சூரியத் தகடுகளையும் டீசல் ஜெனரேட்டரையும் நம்பி இருந்தவை. இத்தகைய ஊரில் விருந்தினர்களைத் தங்கவைக்கும் வீட்டில் பகலில் சேமித்த மின்சாரம்தான் இரவில் சமையலறை விளக்குக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும். எட்டு விருந்தினர்கள் ஆளுக்கு ஒரு போன், ஒரு பவர் பேங்க், ஒரு கேமரா பேட்டரி என்று செருகினால் அந்த வீட்டு பேட்டரி என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எனவே கரண்டைக் கையோடு கொண்டு போவதே மரியாதை. எவ்வளவு என்பதுதான் கேள்வி. 10,000 எம்.ஏ.எச். என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து, 5,000 எம்.ஏ.எச். போனுக்கு இரண்டு முறை முழுசாக ஏற்றலாம் என்று நினைப்பது இயல்பு. அந்த எண் உள்ளே இருக்கும் பேட்டரியின் 3.7 வோல்ட் கணக்கு. வெளியே வரும்போது அது 5 வோல்ட்டாகவோ அதற்கு மேலாகவோ மாற வேண்டும். மாற்றும்போது கொஞ்சம் சூடாகவும் போய்விடும். நடைமுறையில் ஒன்றரை முறைக்குச் சற்றுக் கூட ஏற்றினால் அதிகம். பின்பக்கம் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெபாசிட்டி' என்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணே உண்மைக்கு நெருக்கம். ஊரில் ஆபீசுக்குப் போய்வர 10,000 போதும். எடையும் 200 கிராம் அளவுதான். ஹான்லே போல இரண்டு, மூன்று இரவுகளுக்கு 20,000 வேண்டும். எடை ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

அதற்கு மேல் பெரிதாக வாங்குவதில் விமானச் சிக்கல் உண்டு. கணக்கு வாட்-அவரில். 20,000 எம்.ஏ.எச். என்பது 74 வாட்-அவர். 100 வரை கேள்வியில்லை. 100லிருந்து 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் கிடையாது. 30,000 என்பது 111 ஆகிவிடும். எந்த அளவானாலும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்கோடு போகும் பெட்டியில் வைக்கக் கூடாது. 2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவின் பூசான் விமான நிலையத்தில், புறப்படவிருந்த விமானம் தீப்பிடித்து எரிந்தது. இருக்கைக்கு மேலுள்ள பெட்டியில் இருந்த பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்றார்கள் விசாரணையாளர்கள். தீ கண்ணெதிரே மூண்டால் அணைக்கலாம், சரக்கு அறையில் மூண்டால் கஷ்டம் என்பதே விதியின் நியாயம். அளவு அச்சிடாத பவர் பேங்க்கைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிட்டால் வாதாட முடியாது.

கடையில் எல்லோரும் கேட்பது, போனுக்கு எவ்வளவு வேகமாக ஏறும் என்று. ஹான்லே போகிறவர் கேட்க வேண்டியது வேறு: பவர் பேங்க் எவ்வளவு வேகமாக நிரம்பும்? 10 வாட் மட்டும் வாங்கிக்கொள்ளும் பழைய ரகத்தை, மாலையில் நான்கு மணி நேரம் மட்டும் கரண்ட் உள்ள ஊரில் செருகினால் பாதிகூட நிறையாது. டைப்-சி வழியாக 30 வாட் வாங்கிக்கொள்ளும் ரகம் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். அதைவிட நல்ல வழி, வீட்டுச் சுவரைத் தொடாமல் டாக்சியிலேயே நிரப்பிக்கொள்வது. லேயிலிருந்து வரும் நீண்ட பயணத்தில் எந்த ரகமும் நிறைந்துவிடும். மறுநாள் 5,798 மீட்டர் உயர உம்லிங் லாவுக்குப் போய்த் திரும்பும் சில மணி நேரத்தில் வேகமான ரகம் மறுபடி நிறையும். மலை ஏறும் வண்டியின் என்ஜின் எப்படியும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

லடாக்கில் வெயிலுக்குப் பஞ்சமில்லை என்று, முதுகில் சூரியத் தகடு ஒட்டிய பவர் பேங்க் வாங்குகிறவர்கள் உண்டு. உள்ளங்கை அளவுத் தகடு நல்ல வெயிலில் ஒன்று, ஒன்றரை வாட் தரும். 74 வாட்-அவர் நிறைய ஐம்பது மணி நேர உச்சி வெயில் வேண்டும். அதாவது ஒரு வாரத்துக்கு மேல். அதற்குள் பேட்டரி வெயிலில் வெந்து ஆயுளை இழக்கும்.

இந்தியாவில் விற்கும் பவர் பேங்க்குக்கு இந்திய தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம். 'ஆர்' என்ற எழுத்தோடு தொடங்கும் எட்டு இலக்க எண் இருக்கிறதா என்று பார்த்து, அந்த அமைப்பின் செயலியில் சரிபார்க்கலாம். விலை பாதியாக இருந்து, 50,000 எம்.ஏ.எச். என்று பெருமையடிக்கும் பெட்டிகளை அங்கேயே வைத்துவிட்டு வருவது உத்தமம்.

ஊர் சேர்ந்தபின் சில பழக்கங்கள். பவர் பேங்க்கை இரவில் ஜன்னலோரம் விடாமல் ரஜாய்க்குள் வைத்துக்கொள்ள வேண்டும். உறைந்து கிடக்கும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளே உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெட்டுவிடும். அறை சூட்டுக்கு வந்தபின் ஏற்றுவதே சரி. சதவீதத்தைப் பளிச்சென்று காட்டும் திரை உள்ள ரகமானால், தொலைநோக்கி அருகே பைக்குள் போட்டுவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஒரு விநாடி வெளிச்சம் சுற்றி நிற்கும் அத்தனை பேரையும் முதலிலிருந்து தொடங்க வைக்கும். ஹான்லே மக்கள் தங்கள் ஜன்னல்களுக்கே கனத்த திரை போட்டு, மங்கலான மஞ்சள் விளக்கோடு வாழப் பழகியிருக்கிறார்கள்.

உப்பிப்போன பேட்டரி எதுவானாலும் அங்கே குப்பையில் போடாமல், பழைய பேட்டரி வாங்கும் வசதியுள்ள நகரத்துக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஊர்க் குப்பை மண்ணில்தான் சேரும். அந்த மண்ணில்தான் சாங்பாக்களின் பஷ்மினா ஆடுகள் மேய்கின்றன.