கிழிவதற்கென்றே ஒரு பதாகை

மெல்பர்னில் வாழும் என் மகள் ஒரு நிழற்படம் அனுப்பியிருந்தாள். நீள்வட்டப் பந்துகொண்டு ஆடும் ஆஸ்திரேலியக் கால்பந்தில் என் பேரனுக்கு அது ஐம்பதாவது ஆட்டம். சிறுவர் மன்றத்துப் பெற்றோர் இரு கழிகளுக்கிடையே தாள் பதாகை ஒன்றை உயர்த்திப் பிடித்திருக்க, அதைக் கிழித்துக்கொண்டு அவன் களத்தினுள் பாய்கிறான். அந்நாட்டின் பெரிய மன்றங்களுக்கு ஆதரவாளர்கள் கிரேப் தாளை ஒட்டிப் பாடுபட்டு உருவாக்கும் பதாகையும் இப்படித்தான் ஒரு நொடியில் கிழிந்துபோகுமாம்.

வாழவந்தியில் என் மணிவிழாவுக்கு உறவினர் வைத்த பிளக்ஸ் பதாகை மாதக்கணக்கில் நின்றது. பின்னர் மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாயிற்று. அதிலாவது பயன் இருந்தது. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் சரிந்த பதாகையோ, இருசக்கர வண்டியில் சென்ற 23 வயதுப் பெண் உயிரிழக்கக் காரணமாயிற்று.

பேரன் எத்தனை கோல் போட்டான் என்று மகளிடம் கேட்டேன்.

"ஒன்றுமில்லை அப்பா. ஐம்பது முறை தவறாமல் வந்து நின்றான் அல்லவா, அதைத்தான் இங்கே எண்ணுகிறார்கள்" என்றாள்.

அச்சொல் என் நெஞ்சைத் தைத்தது. பனி மூடிய காலைகளில், காப்பித் தோட்டங்களின் வழியே பன்னிரண்டு ஆண்டுகள் அவள் பள்ளிக்கு நடந்தாள். மாலையில் நான் கேட்டதெல்லாம் மதிப்பெண் மட்டுமே. அவள் நடந்த நாள்களை நான் எண்ணியதே இல்லை.

அன்றிரவே அவளுக்கு ஒரு மடல் எழுத அமர்ந்தேன். மிகவும் காலந்தாழ்ந்த பதாகைதான் அது. படித்தபின் அவள் அதைக் கிழித்துவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.