கொல்லிமலை: அருவிக்கு அந்தப் பக்கம்

கொல்லிமலை போய் வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆகாய கங்கைக்கு இறங்கும் ஆயிரத்துச் சொச்சம் படிகள், திரும்ப ஏறியபோது வந்த கால்வலி... அதோடு கதை முடிந்துவிடும். கொஞ்சம் ஆர்வக்காரர்கள் என்றால் அறப்பளீஸ்வரர் கோவிலையும், அருவிப் பக்கத்துக் காட்டில் கோரக்கர், காலாங்கிநாதர் பெயரில் உள்ள குகைகளையும் சேர்த்துச் சொல்வார்கள்.

அந்த மலையில் ரொம்பப் பழைய மரங்களும் உண்டு. அவை கோவில் காடுகளில் இருக்கின்றன.

பைல் நாடு, வளப்பூர் நாடு, குண்டூர் நாடு என்று மலையே நாடு நாடாகப் பிரிந்து கிடக்கிறது. 'நாடு' என்றதும் ராஜா, மந்திரி என்று போய்விடாதீர்கள். சில சிற்றூர்கள் சேர்ந்தது ஒரு நாடு, அவ்வளவுதான். இங்கே வாழும் மலையாளி பழங்குடி மக்கள் ஊரை ஒட்டிக் கொஞ்சம் காட்டைச் சாமிக்கு என்று விட்டுவிட்டார்கள். சாமி சில இடங்களில் வெறும் கல். ஆனால் அந்தக் காட்டுக்குள் செருப்போடு போகக் கூடாது, அரிவாள் படக் கூடாது. கீழே விழுந்த சுள்ளியைக் கூட அடுப்புக்கு எடுத்துவரத் தயங்குவார்கள்.

குகையும் பழைய மரமும் சேர்ந்த இன்னொரு மலை அமெரிக்காவில் இருக்கிறது. நெவாடா பாலைவனத்தில் உள்ள கிரேட் பேசின் தேசியப் பூங்கா. அங்கே பிரிசில்கோன் பைன் மரங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்கின்றன. 1964ல் ஒரு ஆராய்ச்சி மாணவர் அதில் ஒன்றை வெட்டினார்; பிறகு வளையங்களை எண்ணிப் பார்த்தார்கள். 4,862! உலகின் மிக வயதான மரங்களில் ஒன்று, வயது தெரிவதற்குள் விறகாகிவிட்டது. அவர் திருட்டுத்தனமாக வெட்டவில்லை, வனத்துறையிடம் அனுமதி வாங்கித்தான் வெட்டினார். அந்த இடம் தேசியப் பூங்கா ஆனது 1986ல்.

கோவில் காட்டில் அந்த அனுமதியைச் சாமியிடம்தான் கேட்க வேண்டும். சாமி கையெழுத்துப் போடாது :)

ஆனால் கணக்கு வேறு மாதிரி போகிறது. முன்பு சாமை, தினை, கேழ்வரகு விளைந்த நிலத்தில் மரவள்ளி ஏறிவிட்டது. சாமையைக் குத்திப் புடைத்து அரிசியாக்குவதற்குள் பெண்களுக்கு இடுப்பு ஒடிந்துவிடும். மரவள்ளியோ பிடுங்கினால் போதும், லாரி ஏறிச் சமவெளியில் உள்ள ஜவ்வரிசி ஆலைக்குப் போய்ப் பணமாகிவிடும். குடும்பச் செலவு பார்க்கிறவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? அவரைக் குறை சொல்வது நியாயமே இல்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து மலையில் சிறுதானியத்தை மீட்கப் பாடுபட்டது. அதிலும் முக்கியமான வேலை, உமி நீக்கும் இயந்திரத்தை ஊருக்குள் கொண்டுவந்ததுதான். அறிவுரையை விட இயந்திரம் பெரிது.

மரவள்ளி வயல் விரிந்தால் ஓரத்தில் இருக்கும் காடு சுருங்கும். அது கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. பக்தியாலும் ஒரு ஆபத்து உண்டு. தமிழ்நாட்டில் பல ஊர்களில் கையில் காசு சேர்ந்ததும் சாமிக்குக் கான்கிரீட் கோவில் கட்டுகிறார்கள். கட்ட இடம் வேண்டும், ஜல்லி இறக்க லாரி வர வழி வேண்டும். அதற்காக, அரிவாளே படாத மரங்கள் போய்விடுகின்றன. அதுவரை நிழலில் இருந்த சாமிக்கு மேலே இப்போது ஒரு தகரக் கொட்டகை.