தோல் உரிக்காத வாழைப்பழம்

மார்ச் 4

மதியம் ஒரு அம்மா மகனைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். வயது இருபத்தாறு. குழம்பில் யாரோ மருந்து வைக்கிறார்கள் என்று வீட்டுச் சோற்றைத் தொடுவதில்லையாம். எங்கள் மனநலப் பிரிவில் தூக்கம், பேச்சு, சந்தேகம் எல்லாம் கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். எடை எழுதும் இடம் மட்டும் பல நாள் காலியாகவே கிடக்கும். அவரை எடை மெஷினில் ஏற்றினேன்: 41 கிலோ. உயரம் 168 செ.மீ. பிஎம்ஐ 14.5, 18.5-க்குக் கீழே போனாலே எடைக் குறைவு. எத்தனை நாளாக இப்படி என்று நான் கேட்ட பிறகுதான் அம்மா வாய் திறந்தார். "ரெண்டு மாசமா டீயும் பன்னும்தான் சிஸ்டர்."

மார்ச் 5

காலையிலேயே தூக்குவாளியில் சோறும் கறிக்குழம்பும் வந்துவிட்டன. "இன்னிக்காவது வயிறாரச் சாப்பிடட்டும்." அதை மூடி வைக்கச் சொல்வதற்குள் எனக்குத் தொண்டை அடைத்தது. பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று சோறு விழுந்தால் இன்சுலின் சுரந்து, இரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் செல்களுக்குள் இழுத்துவிடும். இதயம் தடுமாறும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாட்டிக்கு இரக்கப்பட்டு நானே தட்டு நிறைய ஊட்டிவிட்டேன். மூன்றாம் நாள் ஐ.சி.யூ. போனவர் திரும்பவில்லை.

டாக்டர் சொன்னது: முதலில் தயமின் (வைட்டமின் பி1) ஊசி, குளுக்கோஸ் எல்லாம் அப்புறம். உணவு கிலோவுக்கு 10 கலோரி, அதாவது நாளுக்கு 410. தினமும் இரத்தப் பரிசோதனை.

அந்த 410-ஐ எப்படி உள்ளே அனுப்புவது? கஞ்சியைத் தள்ளிவிட்டார். தோல் உரிக்காத வாழைப்பழம் ஒன்றை நீட்டினேன். காம்பு, நுனி, கறுப்புப் புள்ளி ஒவ்வொன்றையும் விரலால் தடவி, ஊசி குத்திய ஓட்டை இருக்கிறதா என்று தேடினார். பிறகு அவரே உரித்தார். பாதி இறங்கியது. மாலையில் ஓட்டோடு அவித்த முட்டை.

மார்ச் 7

பாஸ்பேட் 1.9. குறைந்தது 2.5 வேண்டும். கணுக்காலை அழுத்தினால் குழி விழுகிறது. சாப்பாட்டைக் கூட்டவில்லை, பாஸ்பேட் மருந்து ஆரம்பித்தோம். இரவெல்லாம் நாடி பார்த்தபடி இருந்தேன்.

மார்ச் 9

1944-45-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வைப் படித்தேன். ஆரோக்கியமான 36 இளைஞர்கள், தாங்களே முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி இருந்தவர்கள். பலர் சோர்ந்து, எரிந்து விழுந்து, ஒதுங்கிப் போனார்கள். சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லை. நல்ல மனதையே பசி இப்படி உலுக்கும்போது, நோயுற்ற மனதுக்கு மாத்திரை மட்டும் கொடுத்துவிட்டு, 'இன்னும் சோர்வாகவே இருக்கிறார்' என்று எழுதுவது நியாயமே இல்லை.

மார்ச் 18

வீக்கம் வடிந்தது. பாஸ்பேட் நிமிர்ந்த பிறகு கலோரியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். இன்று 43 கிலோ. "அக்கா, கஞ்சி சூடா இருக்கா?" என்று அவராகவே கேட்டார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மனநோய் உள்ளவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருகிறவர்களே, என்ன பேசுகிறார் என்பதோடு, எத்தனை நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் சொல்லுங்கள்.