அப்பாவோட ஜீப்... ஒன்பதரை சென்டிமீட்டரில்!

செம்மேட்டுக்கு வந்திருக்கீங்களா? காரவள்ளியைத் தாண்டினா 70 கொண்டை ஊசி வளைவு. பஸ்ல வர்றவங்க கையில எலுமிச்சம்பழத்தோடதான் வருவாங்க. அந்த வளைவுகள்ல பலாப்பழமும் மிளகு மூட்டையும் ஏத்திக்கிட்டு 19 வருஷம் ஜீப் ஓட்டினவர் எங்கப்பா. நான் இன்ஜினீயரிங் சேர்ந்த வருஷம் ஃபீஸ் கட்டியாச்சு; வாசல்ல ஜீப் இல்லை. வீட்டுல யாரும் அதைப் பத்திப் பேசலை.

மூணாவது வருஷம், ட்யூஷன் எடுத்த காசுல ஒரு பிளாஸ்டிக் மாடல் கிட் வாங்கினேன். ஜப்பானின் டாமியா கம்பெனியோட வில்லிஸ் ஜீப். நிஜத்துல 35-ல் ஒரு பங்கு. அப்பாவோடது மஹிந்திரா. ஆனா அதுக்குத் தாத்தா வில்லிஸ்தான். 1940-களின் கடைசியில வில்லிஸ் ஜீப்பைப் பாகம் பாகமா வரவழைச்சு, பம்பாயில பூட்டித்தான் மஹிந்திரா இந்தத் தொழிலுக்கே வந்துச்சு. அதுவும் ஒரு கிட்தானே!

அவசரக்குடுக்கை நான். பாகங்களைச் சட்டத்திலிருந்து கையால முறுக்கிப் பிய்ச்சேன். ஓரமெல்லாம் பள்ளம். நீங்க அப்படிச் செய்யாதீங்க. நெயில் கட்டரால கொஞ்சம் தள்ளி வெட்டுங்க, மிச்சத்தை ரெண்டாவது தடவை நறுக்குங்க, அப்புறம் உப்புத்தாள். கண்ணாடியை இன்ஸ்டன்ட் பசையில ஒட்டினேன் பாருங்க... அதோட ஆவி பட்டு, துடைச்சாலும் போகாத வெள்ளைப் புகை! கடைசியில சட்டைப் பெட்டி மூடியை வெட்டி, ஃபெவிகால்ல ஒட்டினேன். காய்ஞ்சா அது தெரியவே தெரியாது.

மத்ததுக்கெல்லாம் மாடல் சிமென்ட்தான். அது ரெண்டு பக்கத்தையும் லேசா உருக்கி ஒண்ணாக்கும், வெல்டிங் மாதிரி. பாகங்களைச் சேர்த்துப் பிடிச்சு, இடுக்குல பிரஷ்ஷால தொட்டா போதும், தானா ஓடிடும். ஆனா, பசை போடாம ஒருதடவை பொருத்திப் பார்த்துட்டு அப்புறம் தொடுங்க.

வல்வில் ஓரி விழாவுக்காக ஆடியில ஊருக்கு வந்தேன். திண்ணையில உட்கார்ந்து ஸ்ப்ரே பெயின்ட் அடிச்சா, பச்சை மேல பாலாடை படர்ந்த மாதிரி வெளுத்துப்போச்சு. பின்னாடி அப்பா. "மஞ்சு இறங்கற நேரத்துல பெயின்ட் அடிப்பாங்களா கண்ணு? நாமக்கல்ல லாரிக்கு பாடி கட்டறவங்களைப் பாரு. வெயிலுக்குக் காத்திருப்பாங்க."

காத்திருந்தோம். மூணாம் நாள் மத்தியானம் சுள்ளுனு வெயில். மெல்லிசா மூணு கோட். வெளுப்பு போயிடுச்சு.

அடுத்தது சக்கரம். தரையில வெச்சா மூணுதான் தொட்டுச்சு. அப்பா தன்னோட ஷேவிங் கண்ணாடியை எடுத்துட்டு வந்து படுக்க வெச்சார். "பசை காயறதுக்குள்ள நாலும் இது மேல உட்காரணும்." உட்கார்ந்துச்சு.

அவர் போகலை. ஜீப்பைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இடது மட்கார்டுல நசுங்கல் இல்லையே... 38-ஆவது வளைவுல பஸ்ஸுக்கு ஒதுங்கினப்போ விழுந்தது."

ஸ்பூன் காம்பை விளக்குல சூடு பண்ணி மெதுவா அழுத்தினேன்.

"இன்னும் கொஞ்சம் கீழே"ன்னார் அப்பா.