சுற்றுகளை எண்ணுவோர்

பந்தயத்தில் ஓடுகிறவன் ஒருவன். அவன் கடந்த சுற்றுகளை எண்ணுகிறவன் வேறொருவன். ஓடுகிறவனின் திறமையை ஊரே பேசும்; எண்ணுகிறவனின் நேர்மையைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. வெண்டல் ஸ்காட் என்னும் கார்ப் பந்தய வீரரின் தொடக்ககால வாழ்க்கை இவ்விரண்டைப் பற்றியும் சிந்திக்க வைப்பதாகும்.

அமெரிக்காவின் தென்பகுதியில், வர்ஜீனியா மாநிலத்து டான்வில் நகரில் 1921ஆம் ஆண்டு பிறந்தவர் ஸ்காட், கறுப்பினத்தவர். நூற்பாலையும் புகையிலைத் தொழிற்கூடமுமே அந்நகரத்துத் தொழிலாளர்க்குப் பிழைப்பளித்தன. பிறருக்குக் கீழே கைகட்டி நிற்கும் அந்த வாழ்வை அவர் விரும்பவில்லை. தந்தை கார் ஓட்டுநர். பழுது பார்ப்பதிலும் வல்லவர். அவரிடமிருந்தே மகனும் இயந்திரங்களின் இயல்பை அறிந்துகொண்டார். பின்னர் டாக்சி ஓட்டினார். இரண்டாம் உலகப் போரின்போது படையில் சேர்ந்து ஐரோப்பாவில் பணியாற்றினார். ஊர் திரும்பியபின் கார் பழுது பார்க்கும் பட்டறை நடத்தினார்.

பட்டறை வருமானம் போதவில்லை. இரவு வேளைகளில் கள்ளச்சாராயம் கடத்தும் தொழிலிலும் அவர் ஈடுபட்டார். ஒருமுறை பிடிபட்டுத் தண்டனையும் பெற்றார். அது தவறான தொழில் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், அதில்தான் அவருடைய திறமை கூர்மை பெற்றது. வெளித்தோற்றத்தில் ஊரார் வைத்திருக்கும் காரைப் போன்றே இருக்கவேண்டும். உள்ளே இருக்கும் இயந்திரமோ காவலரின் காரை வெல்லவேண்டும். இத்தகைய கார்களை ஓட்டிப் பழகியவர் பலர் தமக்குள் போட்டியிட்டதும் ‘ஸ்டாக் கார்’ பந்தயம் வளர்ந்ததற்கு ஒரு காரணமாகும். கடையில் விற்கும் சாதாரணக் காரைத் திருத்தி, நீள்வட்டமான தடத்தில் பல சுற்றுகள் ஓட்டுவதே அப்பந்தயம். அதனை ஒழுங்குபடுத்தவே பில் பிரான்ஸ் என்பவரின் முயற்சியால் 1948ஆம் ஆண்டு ‘நாஸ்கார்’ அமைப்பு பதிவு பெற்றது.

ஓட்டுநர்கள் வெள்ளையராகவே இருந்த காலம் அது. 1952ஆம் ஆண்டு, டான்வில் நகரில் பந்தயம் நடத்தியவர்கள் கூட்டத்தைப் பெருக்க ஒரு வழி தேடினர். கறுப்பினத்தவர் ஒருவரை ஓட வைத்தால் வேடிக்கை பார்க்க மக்கள் திரள்வர் என்று கருதினர். வேகமாகக் கார் ஓட்டும் கறுப்பர் யார் என்று அவர்கள் காவலரிடமே கேட்டனர். பலமுறை துரத்திச் சென்று அனுபவப்பட்ட காவலர் சொன்ன பெயர் வெண்டல் ஸ்காட்!

வேடிக்கைப் பொருளாக அழைக்கப்பட்டவர் அவர். கூட்டத்தில் ஏளனக் குரல்கள் எழுந்தன. பந்தயத்தின் நடுவே காரும் பழுதாகி நின்றது. ஆனால், வேடிக்கைக்காகத் திறந்த கதவின் வழியே அவர் தமது தொழிலைக் கண்டுகொண்டார். காரைச் செப்பனிட்டு, வட கரோலினா மாநிலத்து வின்ஸ்டன்-சேலத்தில் நடந்த நாஸ்கார் பந்தயத்துக்கு இழுத்துச் சென்றார். கறுப்பர் ஓட்டக்கூடாது என்று தடுத்துவிட்டனர். சில நாள் கழித்து ஹைபாயிண்ட் நகரிலும் அதே மறுப்பு. திரும்பும் வழியில் அவர் கண்ணீர் விட்டார்.

கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவர் செய்தது என்ன? நாஸ்காரின் கீழ் வராத சிறு பந்தயங்களைத் தேடிச் சென்றார். ஓடத் தொடங்கி இரண்டு வாரம்கூட நிறைவுறாத நிலையில், லிஞ்ச்பர்க் நகரில் ஒரு குறும்பந்தயத்தில் முதல் வெற்றி கிட்டியது. அதன்பின் வெற்றிகள் பெருகின. சிலர் அவருடைய காரை வேண்டுமென்றே மோதினர். சினந்து எதிர்த்தால் தம்மையே வெளியேற்றுவர் என்பதை உணர்ந்து அவர் பொறுத்தார். பழைய கார், பழைய உதிரிப் பாகங்கள், தாமே இயந்திர வல்லுநர், பின்னாளில் மைந்தர்களே உதவியாளர்கள் — இதுவே அவருடைய அணி. நாஸ்கார் உரிமமும் கிடைத்தது. 1959ஆம் ஆண்டு, வர்ஜீனியா மாநில அளவில் ‘ஸ்போர்ட்ஸ்மன்’ பிரிவின் வாகையர் பட்டத்தை வென்றார். 1961ஆம் ஆண்டு, நாற்பது வயதை நெருங்கும்போது, நாட்டின் முதல்நிலைப் பந்தயத் தொடரில் காலடி வைத்தார்.

1963 டிசம்பர் 1ஆம் நாள், புளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகர். அரை மைல் மண் தடம். ஸ்காட் எல்லாரையும் முந்தினார்; இரண்டாவதாக வந்தவரைவிட இரண்டு சுற்றுகள் முன்னே இருந்தார். ஆயினும், வெற்றிக் கொடி அவருக்காக அசையவில்லை. பக் பேக்கர் என்னும் வெள்ளையரே வென்றதாக அறிவித்துக் கோப்பையையும் அளித்துவிட்டனர். ஸ்காட் மறு எண்ணிக்கை கோரினார். மக்கள் கலைந்து சென்றபின், கணக்கில் பிழை நேர்ந்ததென்று ஒப்புக்கொண்டு வெற்றியையும் பரிசுப் பணத்தையும் அவருக்கு வழங்கினர். கைதட்ட அங்கே எவருமில்லை, கோப்பையும் இல்லை. நாஸ்கார் அமைப்பு அவருடைய குடும்பத்தாரிடம் அவ்வெற்றிக்கான கோப்பையை அளித்தது 2021ஆம் ஆண்டில். ஸ்காட் 1990ஆம் ஆண்டே மறைந்துவிட்டார்.

விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாக இவ்வரலாற்றை மாணவர்க்குச் சொல்வது எளிது, சொல்லவும் வேண்டும். எனினும், அதனோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மையே சொன்னதாகும். ஒருவர் பொறுமையைப் புகழும்போது, அவ்வளவு பொறுமை அவருக்கு ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வியும் எழவேண்டும். ஸ்காட்டின் காரில் குறையில்லை, கையில் குறையில்லை, குறை, சுற்றுகளை எண்ணியவர் பக்கத்தில் இருந்தது.

வகுப்பறையிலும் ஓடுகின்ற பிள்ளைகள் உண்டு. பிந்தித் தொடங்கி, பழைய கருவிகளோடு ஓடுகின்றவர்களும் உண்டு. அவர்களுடைய சுற்றுகளை எண்ணும் எழுதுகோல் ஆசிரியரின் கையில் இருக்கிறது. எண்ணிக்கை சரியாக இருக்கட்டும். அதுவும் கூட்டம் கலைவதற்கு முன்னரே அறிவிக்கப்படட்டும்.