அழித்தவன் நான்தான்

படங்களோடு வந்த பழைய தளபதி வரலாறுகளைச் சேர்ப்பது என் கிறுக்கு. நெப்போலியன், வெலிங்டன், 1914இல் ஹில் எழுதிய யூசுப் கான் என்று தென்காசி வீட்டில் பீரோ நிறைய இருக்கிறது. வாசித்தது குறைவு. வந்தவர்களிடம் காட்டிப் பீற்றிக்கொண்டதுதான் அதிகம்.

கும்பினிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷின் போர் நினைவுகள் 1830இல் லண்டனில் இரண்டு தொகுதிகளாக வந்தன. தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்த சின்ன மருதுவை எதிர்த்தே 1801இல் போருக்குப் போனதை அதில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அதன் முதல் தொகுதி இலஞ்சியில், இறந்துபோன ஓர் ஆசிரியர் வீட்டில் கிடைத்தது. அவர் மகள் விலை பேசவில்லை. "அப்பா பென்சில்ல எழுதினதை மட்டும் பொறவு ஜெராக்ஸ் எடுத்துக்கிடுதேன் அண்ணாச்சி" என்றாள். சரி என்றேன்.

பாஞ்சாலங்குறிச்சிப் பக்கங்களின் ஓரமெல்லாம் ஆசிரியரின் எழுத்து. 1801 மே 24இல் கோட்டை விழுந்ததை வெல்ஷ் ஒரு விதமாகச் சொல்கிறார். ஊர்க்காரர்கள் சொன்னதை ஆசிரியர் பக்கத்திலேயே குறித்திருந்தார். கோட்டையைக் காத்த ஊமைத்துரையின் ஆட்கள் எந்தக் குளத்தங்கரையில் தங்கினார்கள், யார் வீட்டில் கஞ்சி குடித்தார்கள், அதைச் சொன்ன கிழவிக்கு எந்த ஊர் என்பதுவரை.

சென்னையில் ஒருவர், கிறுக்கல் இல்லாத பிரதி என்றால் நல்ல விலை தருவதாகச் சொன்னார்.

அன்று நல்ல சாரல். மகனின் பள்ளிக்கூடப் பையிலிருந்து ரப்பரை எடுத்தேன். ஈரக்காற்றில் தாள் நமுத்திருந்தது. தேய்த்ததும் பஞ்சாக எழும்பியது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். விசிறியடியில் காயவைத்து, மறுபடி மெதுவாகத் தேய்த்தேன். ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுத்தான் அழித்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

ஆசிரியரின் மகள் வந்தாள். அப்பாவின் குறிப்புகளைச் சிறு புத்தகமாகப் போட நினைத்திருந்தாளாம். "ஈரத்துல மங்கிப் போச்சும்மா" என்றேன். அவள் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். பென்சில் அழுந்திய தடம் அங்கங்கே இருந்தது; வார்த்தை கூடவில்லை. "நான்தான் முந்தியே வந்திருக்கணும் அண்ணாச்சி" என்றாள். பேசாமல் இருந்தேன்.

வெல்ஷை இன்று இணையத்தில் யாரும் படிக்கலாம். ஆசிரியரிடம் பேசிய பெரியவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

சென்னைக்காரர் தேய்த்த தாளைத் தடவிப் பார்த்துவிட்டு விலையைப் பாதியாக்கினார். அதற்காக அவரோடு சண்டை போட்டேன்.